சொன்ன நாளுக்கு வந்தவள்

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் ரோஸ்மேரி செக்கிங் மேஜையில் நிற்கிறாள். தைத்து வரும் சட்டையைப் புரட்டிப் பார்த்து, தையல் விட்ட இடத்திலோ எண்ணெய்க் கறை பட்ட இடத்திலோ சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்கி வைப்பது அவள் வேலை. அம்பு ஒட்டிய பீஸ் சும்மா கிடந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. யாராவது அதைச் சரிசெய்து அம்பைப் பிய்த்தெடுக்கிற வரைக்கும் அங்கேயே சுற்றிச் சுற்றி வருவாள்.

சாத்தான்குளம் பக்கத்திலிருந்து சின்னப் பெண்ணாக வந்தவள். இத்தனை வருடத்தில் வேலை அவள் கையோடு நிற்காமல் குணத்திலும் ஏறிவிட்டது. பஸ்ஸில் முன்சீட்டுக்காரியின் ரவிக்கையில் நூல் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் கேட்காமலே பிடுங்கிவிடுவாள். கோயிலில் சாமியார் பிரசங்கத்தை இழுத்தால் முன்கூட்டியே "ஆமென்" சொல்லி வைப்பாள். சூப்பர்வைசர் தங்கராஜ் "ஏனுங்க மேரி, லாரி வந்து நிக்குதுங்க" என்று சொல்லி வாய் மூடுமுன் கடைசிப் பெட்டிக்கு டேப் ஒட்டியிருப்பாள். லாரி வந்திருக்காது என்பது வேறு விஷயம். தங்கராஜின் லாரி எப்போதும் வந்துகொண்டேதான் இருக்கும்.

அவளோடு லைன் வீட்டில் ஒரே அறையில் இருப்பவள் சித்ராதேவி. அதே கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். அருப்புக்கோட்டைக்காரி. புருஷன் வீட்டிலிருந்து ஒரு பையோடு கிளம்பி வந்து எட்டு மாதம் ஆகிறது. பேச்சு குறைவு. வேலை முடிந்து வந்தால் பாயில் சாய்ந்து போனில் ஒரு விளையாட்டைத் திறந்துகொள்வாள். கோயம்புத்தூரில் யாரோ நாலு பேர் சேர்ந்து செய்த விளையாட்டு. ஒரு வீரன், ஒரு கிராமம், பேசுகிற ஒரு வெள்ளாடு, மலைக்கு அப்பால் கும்மிருட்டு மகாராசன் என்று ஒரு வில்லன். ஆனால் சித்ராதேவி வில்லன் பக்கமே போனதில்லை. எட்டு மாதமாக மீன் பிடித்தாள், முருங்கை நட்டாள், நீலக் கதவு வைத்து ஐந்து அறையில் ஒரு வீடு கட்டினாள். கதவுக்கு மேலே அவள் பெயரை எழுதியிருந்தாள். அவள் பெயரை மட்டும்.

போன மாதம் அவளுக்குக் குடல்வால் வீங்கி அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆனது. வார்டில் போன் தொலைந்துபோகும் என்று ரோஸ்மேரியிடம் கொடுத்தாள்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு. அந்த ஆட்டுக்கு மட்டும் தெனமும் தழை போட்டுரு. போடலைன்னா மூஞ்சியத் தூக்கிக்கிரும்."

"ஒரு ஆட்டப் பாத்துக்க மாட்டேனாட்டி? நீ படு."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அரை ஷிஃப்ட் முடிந்து வந்து, சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு ரோஸ்மேரி விளையாட்டைத் திறந்தாள். நீலக் கதவுக்கு வெளியே ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. அதன் தலைக்கு மேல் சிவப்பாக ஓர் ஆச்சரியக்குறி ஆடிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். அவள் கண்ணுக்கு அது அம்பு ஸ்டிக்கர். எட்டு மாதமாக யாரும் எடுக்காமல் விட்ட பீஸ்.

தொட்டாள்.

"ராசா உடனே வரச் சொன்னாருங்க!" என்றது காக்கை. "பௌர்ணமி அன்னிக்கு உலகம் அழியப் போகுதுங்க. இன்னும் மூணே நாளுங்க. சீக்கிரமுங்க!"

"இத முன்னாலயே சொல்லப்பிடாதா, மூதி?" என்று போனைத் திட்டிவிட்டு ரோஸ்மேரி ஓட ஆரம்பித்தாள்.

இந்த மாதிரி விளையாட்டு ஆடிப் பழகியவர்களுக்குத் தெரியும், அந்த மூன்று நாள் முடியவே முடியாது. நீங்கள் மலையேறுகிற வரைக்கும் பௌர்ணமி காத்திருக்கும். அதற்குள் மீன் பிடிக்கலாம், கல்யாணமே கட்டலாம். அழிவு என்பது அங்கே ஒரு மரியாதைக்குச் சொல்வது. ஷிப்மெண்ட் தேதியில் வளர்ந்தவளுக்கு இது எப்படித் தெரியும்? தேதி என்றால் தேதி.

அரசன் அவளுக்கு ஒரு மரக்கத்தி கொடுத்தான். "உலகத்தக் காப்பாத்தப் போறவளுக்கு மரக்கத்தியா? ராஜா வீட்டுல இரும்புக்கா பஞ்சம்?" என்று கேட்டாள். வழியில் கண்ட வீட்டுக்குள்ளெல்லாம் நுழைந்து பானையை உடைத்தால் மருந்து கிடைக்கும் என்று கூடவே ஓடி வந்த ஆடு யோசனை சொன்னது. "அடுத்தவ வீட்டுப் பானைய நா எதுக்கு உடைக்கணும்?" என்று தாண்டிப் போனாள். கடைக்காரன் எத்தனை முறை தொட்டாலும் "இன்னைக்கு நல்ல வெயிலுங்க" என்றே சொன்னான். "இவன் நம்ம தங்கராஜுக்குச் சித்தப்பன் மவனா இருப்பான்" என்று அவனையும் விட்டாள். குகை, மந்திரக்கிணறு, அழுகிற பாறை எதுவும் அவளைத் தடுக்கவில்லை.

கோட்டை வாசலில் ஒரு பாலம். அவள் கடந்ததும் பின்னால் இடிந்து விழுந்தது.

"பாலம் எதுக்கு இடிஞ்சுதுன்னு தெரியுங்களா?" என்றது ஆடு. "இனி ஊருக்குத் திரும்ப முடியாதுங்க. எல்லாக் கதையிலயும் இப்படித்தானுங்க. தோத்தா மொதல்ல இருந்து ஆடோணும். வீடு, மரமெல்லாம் இருக்காதுங்க. செயிச்சாக் கதை முடிஞ்சுது. செஞ்சவங்க பேரு வரிசையா ஓடும். அப்பவும் வீடு இருக்காதுங்க."

ரோஸ்மேரிக்கு நீலக் கதவு கண்ணுக்குள் வந்து நின்றது. நிஜத்தில் சித்ராதேவிக்கு இருந்தது ஆணியில் தொங்கும் அந்தப் பை ஒன்றுதான். தையல் போட்ட வயிற்றோடு படுத்திருக்கிறவளிடம் போய், "உன் வீட்டை இடித்துவிட்டேன்" என்று எப்படிச் சொல்வது? போனை அணைத்துப் பார்த்தாள். திறந்தால் மறுபடியும் அதே கோட்டை வாசல். பின்னால் பாலமில்லாத பள்ளம்.

வேறு வழியில்லாமல் கதவைத் தள்ளினாள்.

உள்ளே கும்மிருட்டு மகாராசன் லுங்கியும் பனியனுமாகப் பல் துலக்கிக்கொண்டிருந்தான். தலையில் கொம்பு இல்லை. அவளைப் பார்த்ததும் பிரஷ் கீழே விழுந்தது.

"வாங்க... அதுக்குள்ள வந்துட்டீங்களா?" என்றான். "தப்பா நெனைக்காதீங்க. இதுவரைக்கும் ஒருத்தருகூடச் சொன்ன நாளுக்கு வந்ததில்லீங்க. எல்லாரும் ஆறு மாசம் மீனு புடிச்சுட்டுத்தான் வருவாங்க. கொம்பு பாலிசுக்குப் போயிருக்குது. பேச வேண்டிய வசனம்கூடப் பாதிதான் மனப்பாடம் பண்ணியிருக்கறனுங்க."

திரையில் இரண்டு கட்டம் வந்தது. ஒன்றில் "வெட்டு". இன்னொன்றில் "வெளியே நிற்கிறேன், தயாராகுங்கள்".

மரக்கத்தியாலேயே வெட்டிச் சாய்த்துவிடலாம். ஆனால் ரோஸ்மேரிக்கு அவன் முகம் தெரிந்த முகமாக இருந்தது. ஒருமுறை, சட்டை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காகச் சோதனை பார்க்கிற மனிதர் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து நின்றுவிட்டார். அவள் அப்போது பெட்டிகளுக்கு நடுவில் தலையில் போட்டிருக்க வேண்டிய தொப்பி இல்லாமல், டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, வாயில் ஒரு கவளத்தோடு இருந்தாள். வேலை போயிற்று என்றே நினைத்தாள். அவர் அவளைப் பார்த்தார், போனைக் காதில் வைத்தார், யாரோடோ பேசுவதுபோல வெளியே போய் வெயிலில் நின்றுகொண்டார். அவள் வாய் கழுவித் தொப்பி போட்டபிறகுதான் உள்ளே வந்தார். அந்தப் போனில் யாருமே பேசவில்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டாவது கட்டத்தைத் தொட்டாள்.

மகாராசன் கீழே விழுந்த பிரஷை எடுத்துக்கொண்டான். பிறகு, "ரொம்பச் சந்தோசமுங்க" என்றான். "நீங்க எதுக்கு வெளிய நிக்கோணும்? ஊடு போயிச் சேருங்க. பாலத்த நானே போட்டுத் தர்றனுங்க. கொம்பு வந்ததும் சொல்லி அனுப்பறன். பௌர்ணமியத் தள்ளி வெச்சுக்கலாமுங்க."

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அவனே பலகை அடித்தான். அக்கரையில் நீலக் கதவு அப்படியே இருந்தது. முருங்கையில் பூவும் விட்டிருந்தது.

சாயந்திரம் பார்வையாளர் நேரத்தில் ரோஸ்மேரி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். கோட்டை என்றதும் சித்ராதேவி வெளுத்துப்போய் போனைப் பிடுங்கினாள். கதவைப் பார்த்தாள். பெயரைப் பார்த்தாள். ஐந்து அறைக்குள்ளும் போய்வந்தாள். பிறகுதான் பல் துலக்கின கதை அவளுக்கு ஏறியது.

"சிரிக்க வைக்காதக்கா, வலிக்குது" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பு அடங்கியதும் கேட்டாள்: "அக்கா, ஆடு ஏன் இப்பிடித் திரும்பி நிக்குது? தழை போட்டியா?"

ரோஸ்மேரி போர்வையில் நூல் பிசிறு தேடினாள்.

"உலகத்தக் காப்பாத்துற அவசரத்துல..."

"நான் சொன்னது அது ஒண்ணுதான!"

"நீ வேணா அதுக்கு ஒரு போன் போட்டுத் தா, நா மன்னிப்புக் கேக்கேன்."

பக்கத்துக் கட்டில் அம்மாள்கூடச் சிரித்தாள். சித்ராதேவி ஆட்டுக்குத் தழை போட்டாள். அது வேண்டுமென்றே மெதுவாகத் தின்றது.

அப்போது நீலக் கதவுக்கு வெளியே அதே காக்கை வந்து உட்கார்ந்தது. தலைக்கு மேல் சிவப்புக் குறி ஆடியது. கொம்பு வந்துவிட்டது போலிருக்கிறது. ரோஸ்மேரியின் விரல் தானாக நீண்டது.

"அக்கா."

"இல்லட்டி, தொடல."

கையைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். சித்ராதேவி தூண்டிலை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்தாள்.