பறவை காட்டியவரின் முகம்

தோப்பில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவர்களுக்கு மோர் ஊற்றிக் கொடுத்துவிட்டு நின்றபோது போன் அடித்தது. என் பேத்தி சுபா. என்னவோ சொன்னாள், காதில் விழவில்லை.

"சத்தமாச் சொல்லுட்டி. ஏன் குசுகுசுங்கே?"

"கெஸ்ட்டு பக்கத்துல நிக்காவ ஆச்சி. இப்பதான் பறவை கண்ணுல பட்டிருக்கு. சத்தம் போட்டா கலைஞ்சிரும்."

பிறகு அதே தாழ்ந்த குரலில் மறுபடியும் சொன்னாள். "நாயகம் சார் இறந்துட்டாவ. ஆஸ்பத்திரியிலேருந்து பகவதி அக்கா பேசுனா."

அந்தத் தொழிலில் எதையும் மெதுவாகத்தான் சொல்ல வேண்டும். சாவையும் அப்படித்தான் சொன்னாள். போனை வைப்பதற்குள், அவளுக்குப் பின்னால் யாரோ ஒரு வெள்ளைக்கார அம்மாள் சந்தோஷத்தில் மூச்சை இழுத்துக்கொண்டது எனக்குக் கேட்டது.

இதைப் படிக்கிற நீங்கள் எல்லோரும் அவரோடு எங்காவது போய் வந்தவர்கள். ஆனாலும் முறைக்குச் சொல்லிவிடுகிறேன். தென்காசிக்காரர் கோமதிநாயகம், பறவைகளையும் காட்டு விலங்குகளையும் பார்க்க ஆட்களைக் கூட்டிப்போகிற வழிகாட்டி. சாரல் காலத்தில் வெளிநாட்டுக்காரர்களை நம் குற்றால மலைக்குக் கூட்டி வருவார். மற்ற மாதங்களில் நம் ஊர்க்காரர்களை ஆப்பிரிக்கா, இலங்கை, போர்னியோ என்று கூட்டிப்போவார். சுபா விலங்கியல் படித்துவிட்டு அவரிடம்தான் வேலைக்குச் சேர்ந்தாள். எங்கள் ஊர் வடகரையிலிருந்து இந்த வேலைக்குப் போன முதல் பெண் என் பேத்திதான். இதை நான் கல்யாண வீட்டிலும் சொல்வேன், இழவு வீட்டிலும் சொல்வேன். வருகிற விருந்தாளிகளுக்குச் சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்து போகும். நாயகம் சார் வயதில் என் மூத்த மகனுக்கும் இளையவர். எழுத்தில் அவர் என்று எழுதுகிறேன். நேரில் லே போட்டுத்தான் பேசினேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அவரோடு போய் வந்தவர்களுக்கு அனுப்ப அவர் மனைவி பகவதி எழுதித் தரச் சொன்னதால் எழுதுகிறேன்.

முதல் பழக்கமே சண்டைதான். ஒரு நாள் காலையில் எங்கள் தோப்புக்குள் தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள் சிலர் அண்ணாந்து நின்றார்கள். இவர் நடுவில் நின்று விரலை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். கம்பை எடுத்துக்கொண்டு போனேன்.

"ஏலே, யாரக் கேட்டு உள்ள வந்தே? தேங்கா இவுக தலையில விழுந்தா நானா ஜெயிலுக்குப் போவேன்?"

"ஆச்சி, ஒங்க தென்னையில ஒரு ஆந்தை குடியிருக்கு. அதப் பாக்கத்தான் இம்புட்டு தூரம் வந்திருக்காவ."

"ஆந்தையா? நாளைக்கே ஆள ஏத்தி வெரட்டுதேன். அது அலறுனா வீட்ல சாவு விழும்."

அவர் சிரிக்கவில்லை. "அது அலறாட்டாலும் சாவு வரும் ஆச்சி. அது இருந்தா எலியாவது கொறையும்" என்றார்.

அந்தப் பதிலுக்காகவே எல்லோருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தேன். ஆந்தை இன்னும் அந்த மரத்தில்தான் இருக்கிறது. அவர் போன அன்றைக்கும் சரி, ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களிலும் சரி, அது வாயைத் திறக்கவில்லை. அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

என் மகன்கள் என்னைக் காசிக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். "காசிக்குப் போய்ட்டு வந்தவுக எல்லாரும் ஒரே கதையத்தான் சொல்லுதாவ. நான் சுபா போற ஊரப் பாக்கணும்" என்றேன். அப்படித்தான் போன வருடம் நாயகம் சாரின் குழுவோடு கென்யாவுக்குப் போனேன். அங்கே ஒரு ஏரி. தண்ணீரே தெரியாதபடி பூநாரைகள் நின்றன. இன்னொரு நாள், புல்வெளியில் ஒரு சிங்கம் காட்டெருமைக் கன்று ஒன்றைப் பிடித்து, உயிர் இருக்கும்போதே வயிற்றில் வாயை வைத்தது. ஜீப்பில் இருந்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நானும் திருப்பினேன். முன்னால் உட்கார்ந்திருந்த அவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "அழகா இருக்கத மட்டும் பாக்கணும்னா காலண்டர் போதும் ஆச்சி." நான் மறுபடியும் பார்த்தேன். இன்றைக்கும் அந்தக் கன்றின் கண் எனக்குத் தெரிகிறது.

அந்தப் பயணத்தில் தினமும் சாப்பிட்டு முடித்ததும் யாரும் மேசையை விட்டு எழுந்திருக்கக் கூடாது. மலேரியா மாத்திரைப் பட்டைகளை எடுத்துக்கொண்டு அவர் சுற்றி வருவார். ஒவ்வொருவர் கையிலும் ஒன்று வைப்பார். விழுங்கியதும், "நாக்கக் காட்டுங்க" என்பார். பேங்க் மேனேஜராக இருந்தவர், அவர் மனைவி, காலேஜ் வாத்தியார் என்று எல்லோரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல நாக்கை நீட்டுவார்கள். ராயகிரிக்காரர் ஒருவர், போலீஸில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், அவரும் நீட்டினார்.

"சர்வீஸ்ல எத்தன பயலுவள நாக்குத் தள்ள வச்சிருக்கேன். கடைசியில என் நாக்கையும் ஒருத்தன் பாத்துட்டான்" என்றார்.

"மீசையப் பாத்து கொசு பயப்படாது அண்ணாச்சி. ஒங்கள மதினிகிட்ட பத்திரமா ஒப்படைக்கணும்லா" என்று நாயகம் சார் சொல்ல, மேசையே சிரித்தது.

நான் கேட்டேன்: "எல்லாருக்கும் குடுத்தே. நீ போட்டியாலே?"

உடனே நாக்கை நீட்டிக் காட்டினார். சுத்தமான நாக்கு. இன்னும் பலமாகச் சிரித்தார்கள். மாத்திரையை விழுங்கிய நாக்கும் மாத்திரையே போடாத நாக்கும் பார்வைக்கு ஒன்றுதான். அது அன்றைக்கு அந்த மேசையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. போலீஸ்காரருக்கும் தோன்றவில்லை.

இந்த வருடச் சாரலில், இன்னொரு குழுவோடு ஆப்பிரிக்கா போய்விட்டு வந்த கையோடு, இங்கே வந்த ஒரு வெளிநாட்டுத் தம்பதிக்குக் காடு காட்டக் கிளம்பிவிட்டார். தவளைவாயன் என்று ஒரு பறவை. அகன்ற வாய், காய்ந்த சருகின் நிறம். பகலெல்லாம் ஆடாமல் அசையாமல் கிளையில் ஒட்டிக்கொண்டிருக்கும், பக்கத்தில் நின்றாலும் கண்ணில் படாது. அதைப் பார்க்கத்தான் அவர்கள் கடல் தாண்டி வந்திருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஐந்தருவிக்குப் போனேன். சீசன் கூட்டம். எண்ணெய் தேய்த்த உடம்போடு ஆட்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். பழக்கடைகளைத் தாண்டி, மரத்தடியில் அவர் துண்டைக் காதோடு சுற்றிக் கட்டிக்கொண்டு நின்றார். பல் கிட்டியது.

கழுத்தில் கையை வைத்தேன். அடுப்புக் கல்போலச் சுட்டது.

"என்னலே இப்படிக் காயுது? டாக்டர்ட்ட போகலையா?"

"சாரல்தான் ஆச்சி. நாளைக்கு சரியாயிரும். இவுக பறவையப் பாத்துட்டுப் போயிரட்டும்."

"இவுகளுக்கு ஒன் மொகத்தப் பாத்தாலே தெரியுமே."

"வந்தவுக பறவையத்தான் பாப்பாவ. நம்ம மொகத்தப் பாக்க மாட்டாவ. அது நமக்கு வசதி" என்றார்.

உண்மையாகவே அந்த இரண்டு பேரும் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை. பார்க்கத்தான் வந்தார்கள். அவரை அங்கேயே சண்டை போட்டு ஆட்டோவில் ஏற்றப் பார்த்தேன். துண்டை அவிழ்த்து உதறிவிட்டு, எதுவும் இல்லாத மாதிரி நடந்து காட்டினார். மறுநாளும் காட்டுக்குப் போயிருக்கிறார். அதற்கு அடுத்த நாள்தான் சுபாவிடம் அவர்களை ஒப்படைத்துவிட்டு, "கொஞ்சம் படுக்கேன்" என்று வீட்டுக்குப் போனார். அன்று சாயங்காலம் பகவதியை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் முதலில் கேட்ட கேள்வியே, "வெளியூர் எங்காவது போயிருந்தாரா?" என்பதுதானாம். பகவதி ஆப்பிரிக்கா என்றதும் ரத்தம் எடுத்துப் பார்த்து, மலேரியா என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். மருந்தும் ஏற்றினார்கள். ஆனால் காய்ச்சல் மூளைக்கு ஏறியிருந்தது.

காரியம் முடிந்த பிறகு அவருடைய பையைப் பகவதி என் முன்னால்தான் கொட்டினாள். மாத்திரைப் பட்டைகள் உடைக்காமல் அப்படியே இருந்தன. இந்தப் பயணத்துக்கானது, இதற்கு முந்தின பயணத்துக்கானது, அதற்கும் முந்தினது. அவள் அழுது முடித்துவிட்டுச் சொன்னாள்: "அதப் போட்டா வயிறு பொரட்டுது, வெயில்ல நின்னா தோல் எரியுதும்பாவ ஆச்சி. வருசத்துல பாதி நாளு போட வேண்டியிருக்கு, வாந்தி எடுத்துட்டு எப்படி குழுவ மேய்க்கதும்பாவ. நான் சண்டை போடுவேன். ஒடனே நாக்க நீட்டிக் காட்டுவாவ. புள்ளைக சிரிச்சிரும். நானும் சிரிச்சிருவேன்."

இன்னொன்றும் நடந்தது. அஞ்சலி பிளெக்ஸ் அடிக்கப் படம் கேட்டார்கள். பகவதியின் போனைத் தேடினோம். அவர் அனுப்பியதெல்லாம் இருவாச்சி, பூநாரை, கழுகு, யானையின் முதுகு. வீடியோவில் பேசினால்கூட, "இங்க பாரு" என்று கேமராவை ஏரிப் பக்கம் திருப்பிவிடுவாராம். அவரோடு போனவர்களிடம் கேட்டோம். நீங்கள் எல்லோரும் ஆளுக்கொரு சிங்கம் அனுப்பினீர்கள். குழுவாக நிற்கும் படங்களில் அவர் இல்லை, அந்தப் படங்களை எடுத்தவர் அவர். ஒன்றே ஒன்றில் இருந்தார், அதிலும் பைனாகுலர் முகத்தை மறைத்திருந்தது. கடைசியில் பாஸ்போர்ட்டில் இருந்த படத்தைப் பெரிதாக்கி அடித்தார்கள். காதுகள் விறைத்து, யாரோ மிரட்டி உட்காரவைத்த மாதிரி ஒரு முகம். தென்காசியில் அந்த பிளெக்ஸைப் பார்த்து, "இது யாரு?" என்று அவரோடு இலங்கை போய் வந்த ஒருவர் என்னிடமே கேட்டார்.

துக்க வீட்டில் ஆளாளுக்குப் பேசினார்கள். "சாரல்ல நனைஞ்சா சும்மா விடுமா?" என்றார் ஒருவர். "குத்தாலத் தண்ணி ஆளக் கொன்னுட்டு" என்றார் இன்னொருவர். "அந்த மனுசன் சீசன்ல ஒரு நாளும் அருவியில தலைய நீட்டுனதில்ல. விருந்தாளி வழுக்கி விழுந்துரக் கூடாதுன்னு கரையிலேயே நிப்பான். தண்ணி மேல பழியப் போடாதிய" என்று நான் அங்கேயே சொன்னேன். இங்கேயும் அதையே எழுதுகிறேன். அருவி அவரைக் கொல்லவில்லை. ஆப்பிரிக்காவின் கொசு கடித்தது, அது தன் வேலையைச் செய்தது. அவரைக் கொன்றது, தனக்கு முடியவில்லை என்பதை வந்தவர்கள் முகத்துக்கு நேரே சொல்லத் தெரியாத அந்த வழக்கம்தான்.

அந்த வழக்கத்தை நினைத்து எனக்குப் பெரிய பயம் ஒன்று வந்தது. செய்தி வந்த அன்று சுபா வீடு திரும்பியபோது கேட்டேன், "அந்த வெள்ளக்காரவுக என்னட்டி சொன்னாவ?"

"வண்டி ஏறுற வரைக்கும் நான் அவுககிட்ட சொல்லவே இல்ல ஆச்சி. மத்தியானம் வரைக்கும் இன்னும் ரெண்டு எடம் காட்டுனேன்."

"எப்படிட்டி முடிஞ்சுது?"

"சார் சொல்லியிருக்காவல்லா. ‘நம்ம வீட்டு இழவு விருந்தாளி மொகத்துல தெரியக் கூடாது’ன்னு."

அடுத்த மாதம் ஆப்பிரிக்காவுக்கு அவர் கூட்டிப்போவதாக இருந்த குழுவை சுபாதான் கூட்டிப்போகிறாள். அவள் அப்பன், "வேண்டாம், அனுப்ப முடியாது" என்று குதித்தான். நான்தான் அடக்கினேன். காட்டில் செத்தவர்களைவிடக் கட்டிலில் செத்தவர்கள் அதிகம். என் பேத்தி போகட்டும், நாலு பேர் முன்னால் நின்று வழி காட்டட்டும். ஆனால் அவள் நாயகம் சாரிடம் கற்றதில் ஒன்றை நான் இங்கேயே உருவி எடுத்துவிட்டுத்தான் அனுப்புவேன்.

கிளம்புவதற்கு முன்பே மாத்திரையைத் தொடங்கவேண்டும், திரும்பி வந்தும் நிறுத்தாமல் போடவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நேற்று ஒத்திகை பார்ப்போம் என்று சத்து மாத்திரை ஒன்றைக் கையில் வைத்தேன். விழுங்கிவிட்டு, சிரித்துக்கொண்டே நாக்கை நீட்டினாள். அவர் நீட்டிய மாதிரியே. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"நாக்க உள்ள போடு. இந்தக் கையால பட்டையப் பிரிச்சு, எல்லாரும் பாக்க மொதல்ல நீ முழுங்கணும். பொறவுதான் மத்தவுகளுக்குக் குடுக்கணும்" என்றேன்.

"வயித்தப் பொரட்டுனா?"

"பொரட்டுதுன்னு சொல்லு. சத்தமாச் சொல்லு. பறவை பறந்தாப் பறந்துட்டுப் போகுது."

துக்க வீட்டிலும் அழாதவள், அப்போதுதான் உடைந்தாள். நான் தடுக்கவில்லை.

நீங்கள் இனி யாரோடு எந்தக் காட்டுக்குப் போனாலும், பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டு, கூட்டிப்போகிறவரின் முகத்தை ஒரு தடவை பாருங்கள். பகவதிக்காகக் கேட்கிறேன். அவர் உங்களுக்குக் காட்டிய பறவைகளுக்குப் பதிலாக இதைச் செய்யலாம்.

அவருடைய பைனாகுலரைப் பகவதி சுபாவுக்குக் கொடுத்துவிட்டாள். தொப்பியை மகன் வைத்திருக்கிறான். நான் வைத்திருப்பது, மேசையைச் சுற்றிச் சுற்றி வந்து ‘நாக்கக் காட்டுங்க’ என்று அவர் சொன்ன அந்த ஒரு பேச்சைத்தான். அதிலும் ஒரு சொல்லை மாற்றிவிட்டேன். ஆப்பிரிக்காவிலிருந்து தினமும் வீடியோவில் கூப்பிட வேண்டும் என்று சுபாவிடம் சொல்லியிருக்கிறேன். அவளும் கேமராவை ஏரிப் பக்கம் திருப்பத்தான் செய்வாள், அது எனக்குத் தெரியும். அப்போது அங்கே நிற்கிற அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி சொல்வேன்: "பூநாரைய நான் பாத்தாச்சு ஏட்டி. மொகத்தக் காட்டு."