மூன்று வாரம் பிந்தி வந்த ரோசலி அக்கா

செவ்வாய்க்கிழமை காலை. சுவாமிக்கு விளக்கேற்றிவிட்டுத் திரும்புவதற்குள் கைப்பேசி அடித்தது. பக்கத்து வீட்டு ரோசலி அக்காவின் மகன் பிரான்சிஸ், அக்காவைச் சேர்த்திருந்த பெங்களூர் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார்.

“ஆன்ட்டி, முடிஞ்சிடுச்சு. நாளைக்கு நாலு மணிக்கு அடக்கம். இன்னிக்குச் சாயந்திரத்துக்குள்ள கொண்டாந்துடுவோம். வீட்டுச் சாவி உங்ககிட்டதானே கீது?”

யாருக்கு முடிந்தது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு போய், அக்கா வீட்டுக் கதவைத் திறந்து, கூட்டிப் பெருக்கிக் கோலம் போட்டேன். சாவு வீட்டு வாசலில் கோலம் போடக்கூடாது என்பது எனக்குத் தெரியும், அவர்கள் வீட்டு வழக்கத்திலும் கோலம் கிடையாது. ஆனாலும் முப்பது வருஷமாகப் பண்டிகை நாளில் அந்த வாசலில் நான்தான் போட்டு வந்தேன். அக்கா ஒருநாளும் வேண்டாம் என்றதில்லை.

அடக்கம் முடிந்த பிறகு, பங்குக் கோயில் மடலுக்கு அக்காவைப் பற்றி எழுதித் தரும்படி சாமியார் கேட்டார். நான் முருகனைக் கும்பிடுகிறவள், பள்ளிக்கூடம் போகாதவள். காலண்டர் தாளிலும் பொட்டலக் காகிதத்திலும் தமிழையும், பிள்ளைகளின் புத்தகத்தில் இங்கிலீஷ் எழுத்தையும் கற்றுக்கொண்டேன். “அவங்களை உங்களைவிட யாருக்கும் தெரியாதும்மா” என்றார் சாமியார். எனக்கே அவரைப் பாதிதான் தெரிந்திருந்தது என்பதைத்தான் இதில் எழுதுகிறேன். பிரான்சிஸ் படித்துப் பார்த்துச் சம்மதம் தந்திருக்கிறார்.

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். என் கணவரும் அக்காவின் கணவர் ஆரோக்கியசாமி அண்ணனும் ஒரே ஷிப்டில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள். சுரங்கத்தை மூடியபோது அண்ணனின் நெஞ்சில் கல்தூசிதான் மிச்சம். கட்டிலிலிருந்து வாசலுக்கு வர நடுவில் ஒருமுறை உட்கார வேண்டும். பிரான்சிசுக்கு அப்போது பதினான்கு வயது. அக்கா விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் வீட்டுவேலை செய்து பார்த்தார். போகவர நேரம் போய்விடும். அண்ணனுக்கு மருந்து கொடுக்கவும் ஆள் இல்லை. மருந்து வாங்கவும் போதவில்லை. அந்தச் சமயத்தில்தான் மஸ்கட்டில் ஒரு வீட்டில் வேலை இருப்பதாகத் தெரிந்தவர்கள் சொன்னார்கள்.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தை நிரப்பியது நான். அதில்தான் தப்பும் செய்தேன். தங்கவயலில் யாரையும் உங்கள் ஊர் எது என்று கேட்டுப் பாருங்கள். மூன்று தலைமுறையாக இங்கேயே பிறந்தவர்கூட, தாத்தா புறப்பட்டு வந்த வடாற்காட்டுக் கிராமத்தின் பெயரைத்தான் சொல்வார். குடியிருக்கும் வீடோ கம்பெனி வீடு. அதை எப்படி நிரந்தர முகவரி என்று எழுதுவது? அக்கா தன் தாத்தாவின் கிராமத்தைச் சொன்னார், நானும் அழகாக எழுதினேன். போலீசார் அந்தக் கிராமத்தில் போய் விசாரித்தார்கள். அப்படி ஒரு பெண்ணே இங்கே இல்லை என்று பதில் வந்தது. இரண்டு மாதம் வீணானது. நான் கூனிக்குறுகிப் போய் நின்றேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“இன்னா சரசு, அந்த ஊர்ல போயா என்னைத் தேடினாங்க? எங்க தாத்தனையே அங்க எவனுக்கும் தெரியாதே! இங்க கம்பெனி வீடு, அங்க ஆளே இல்லன்றான். நான் எந்த ஊர்க்காரின்னு இனிமே அந்த அரபிக்காரன்தான் சொல்லணும் போல.”

புறப்படும் நாளில் அண்ணன் கட்டிலில் உட்கார்ந்தபடி, “நான் மண்ணுக்குக் கீழ போனேன், நீ கடலுக்கு அந்தாண்ட போற. எது கஷ்டம்னு வந்து சொல்லு” என்றார். அக்கா, “நீ மூச்சை மிச்சம் பிடிச்சி வெச்சிக்கோ. வந்து ஒரு வாரம் சொல்றேன்” என்றார். அழுதது நான் மட்டும்தான்.

போனது மஸ்கட். ஆனால் எங்கள் லைன் வீடுகளில் கடல் தாண்டினால் எல்லாம் துபாய்தான். அக்காவுக்குத் துபாய் ரோசலி என்று பெயர் வைத்தார்கள். தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி, “புருஷனைப் படுக்கையில போட்டுட்டு அங்க போய் இன்னா வேலையோ” என்பாள். இன்னொருத்தி, “தெரியாதா இன்னா வேலைன்னு” என்று சிரிப்பாள். நான் சிரிக்கவில்லை. ஆனால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை தடுத்ததும் இல்லை. அது என் பாவக் கணக்கில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் வீட்டுத் தொலைபேசிக்கு அக்கா பேசுவார். அண்ணன் ஒரு மணி நேரம் முன்பே வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார். கடைசியில் பேசுவது, “சாப்டியா? நானும் சாப்டேன்” அவ்வளவுதான். அப்படி ஐந்து வருஷம்.

ஐந்தாம் வருஷம் அண்ணனுக்கு மிகவும் முடியாமல் போனது. மழைக்காலம் வரை தாங்குவார், அதற்குள் மனைவியை வரச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். அக்கா வரும் நாளும் குறித்தாயிற்று. அண்ணன் முகச்சவரம் செய்துகொண்டு, வெள்ளைச் சட்டை போட்டுக் காத்திருந்தார். பிரான்சிஸ் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு விமான நிலையம் போனார். விமானத்தில் வந்தவர்கள் எல்லோரும் வெளியே போன பிறகும் நின்றிருந்தார். அக்கா வரவில்லை.

இரண்டு நாள் கழித்து எனக்குப் போன் வந்தது. “சரசு, இன்னும் மூணு வாரம் ஆவும். அவரைப் பார்த்துக்கோ” என்றார். ஏன் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார். அந்த மூன்று வாரத்தின் பதினோராம் நாள் அண்ணன் போய்விட்டார். அக்கா வந்துவிடுவார் என்று இரண்டு நாள் ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருந்தோம். பத்தொன்பது வயதுப் பிள்ளை தனியாகவே தகப்பனுக்கு மண் போட்டது.

சொன்னபடி மூன்று வாரம் முடிந்து அக்கா வந்தார். பெட்டியோடு நேராகக் கல்லறைக்குப் போய்விட்டுத்தான் வீட்டுக்குள் நுழைந்தார். துக்கம் விசாரிக்க வந்த பெண்கள் யாரும் அவர் வீட்டில் காபி குடிக்கவில்லை. நானும், “பத்து நாள் முன்னாடியாவது வந்திருக்கக் கூடாதா அக்கா?” என்று கேட்டுவிட்டேன். “வந்திருக்கலாம்தான் சரசு” என்றார். அதுவரை அம்மா, நீ, வா, போ என்று பேசிய பிரான்சிஸ் அன்று முதல், “உங்களுக்குத் தண்ணி வேணுமா? நீங்க படுங்க” என்று பேசத் தொடங்கினார். படித்து, பெங்களூரில் வேலைக்குப் போய், கல்யாணமும் ஆனது. செய்ய வேண்டியது எல்லாம் செய்தார். கிறிஸ்துமசுக்கு வந்து நாற்காலியில் விருந்தாளியைப் போல் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போவார். அம்மா என்ற அந்த ஒரு சொல் மட்டும் அவர் வாயில் திரும்ப வரவேயில்லை.

குழாயடியில் சிரித்தவர்களே காலப்போக்கில் தங்கள் மகள்களை அக்காவிடம் அழைத்து வந்தார்கள். குவைத்துக்கும் கத்தாருக்கும் போகிற பெண்களுக்கு அவர் சொல்லித் தருவார். “பாஸ்போர்ட்டை அவங்க வாங்கி வெச்சிக்குவாங்க. நம்பரை மனப்பாடம் பண்ணு. அந்த வீட்டுக் கதவு எந்தப் பக்கம் திறக்குதுன்னு முதல் நாளே பார்த்து வெச்சிக்கோ” என்பார். ஒரு வார்த்தைகூடக் குத்திக்காட்டமாட்டார்.

நான்கு வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம், அவர் வீட்டில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தோம். அக்காவின் கைப்பேசியில் முகம் தெரியும் அழைப்பு வந்தது. பின்னால் தேயிலைச் செடிகள், முன்னால் முப்பத்தைந்து வயதுப் பெண்.

“அக்கா, சுகமா இருக்கீங்களா? மக ஓ.எல். பரீட்சை பாஸ் பண்ணிட்டா!”

“யாருக்கா அது?” என்றேன். சிலோன் மலைநாட்டுத் தோட்டத்துச் சாந்தி என்றார். அன்றுதான் எனக்கு எல்லாம் தெரிந்தது.

மஸ்கட் வீட்டில் அக்காவோடு வேலை செய்தவர் சாந்தி. தேயிலைத் தோட்டத்து வேலையில் வீடு நடக்காமல், கைக்குழந்தையைத் தாயிடம் விட்டு வந்தவர். அவருடைய தாத்தாவின் தகப்பனாரும் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிப் போனவராம். நம்மவர்கள் பொன்னுக்கு வந்தார்கள், அவர்கள் தேயிலைக்குப் போனார்கள். அந்தப் பெண்ணுக்கு ஒரு மாதமாகக் காய்ச்சல், எழுந்து நிற்க முடியவில்லை. வேலை செய்யாதவளை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக வீட்டுக்கார அம்மாள் சொல்லிவிட்டார். அந்த வேறு வீட்டிலிருந்து ஏற்கனவே ஒரு பெண் மாடியிலிருந்து குதித்துக் காலை ஒடித்துக்கொண்டாள் என்பது இருவருக்கும் தெரியும். ஊருக்குப் போகும் முறை அக்காவுடையது. ஒருத்தியைத்தான் இப்போது அனுப்ப முடியும், புது ஆள் வர மூன்று வாரமாகும் என்பது வீட்டுக்கார அம்மாளின் கணக்கு. அக்கா, “அவளை ஊருக்கு அனுப்புங்க. ரெண்டு பேர் வேலையும் நான் செய்யறேன்” என்றார்.

“அண்ணன் அங்க மூச்சுக்குத் தவிக்கிறாரு, உனக்கு எப்படிக்கா மனசு வந்தது?” என்றேன்.

அக்கா புளியைக் கீழே வைத்தார். “பாறை வெடிச்ச அன்னிக்கு ஷாப்ட் வாசல்ல நின்னமே, ஞாபகம் கீதா? உன் ஆளு ரெண்டாவது கேஜ்லயே மேல வந்துட்டாரு. நீ வீட்டுக்குப் போனியா?”

போகவில்லை. தங்கவயலில் யாரும் போவதில்லை. பூமிக்கடியில் பாறை வெடித்தால் லைன் முழுக்கச் சுரங்க வாசலுக்கு ஓடும். ஆட்களை மேலே கொண்டுவரும் கூண்டுதான் கேஜ். தன் புருஷன் உயிரோடு வந்துவிட்டாலும் எந்தப் பெண்ணும் அவனை அழைத்துக்கொண்டு நகரமாட்டாள். கடைசிக் கேஜ் மேலே வந்து, உள்ளே யாரும் இல்லை என்று சொல்லும்வரை எல்லோரும் நிற்க வேண்டும். இது யாரும் எழுதிவைத்த சட்டம் இல்லை.

“அதான். அவ இன்னும் உள்ள கீறா. நான் எப்படி வர்றது?” என்றார். பிறகு, “அவரு பதினோரு நாள்ல போயிடுவார்னு தெரிஞ்சிருந்தா இன்னா செஞ்சிருப்பேன்னு மட்டும் கேக்காத சரசு. எனக்குத் தெரியாது” என்றார்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. கோயிலில் கற்பூரம் காட்டும்போது வருவது போன்ற நடுக்கம். இந்தப் பெண்ணோடா நான் ஒரே சுவரைப் பங்கிட்டு வாழ்ந்தேன் என்று நினைத்தேன். “பிரான்சிஸ்கிட்டச் சொல்லுக்கா” என்று கெஞ்சினேன்.

“சொன்னா அந்தப் பொண்ணு மேல கோவம் வரும் அவனுக்கு. அது இன்னா பண்ணுச்சு பாவம்? அவனுக்குக் கோவப்பட ஒரு ஆளு வேணும், நானே இருந்துட்டுப் போறேன். நீ சொல்லக்கூடாது” என்று என் கையில் சத்தியம் வாங்கினார்.

புதன்கிழமை மத்தியானம், சவப்பெட்டியை மூடுவதற்குச் சற்று முன், அந்தச் சத்தியத்தை மீறினேன். முருகனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அந்தக் கோபத்தோடு பிரான்சிஸ் பெட்டியை மூடிவிட்டால் பிறகு யார் சொல்லி என்ன? அவரைச் சமையலறைக்கு அழைத்துப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, “ஏர்போர்ட்ல ஒவ்வொரு மூஞ்சியா பார்த்தேன் ஆன்ட்டி” என்றார். முகம் கழுவிக்கொண்டு வந்து, அக்காவின் கைப்பேசியை எடுத்துத் தரச் சொன்னார். சாந்தியின் எண்ணை நான்தான் அழுத்திக் கொடுத்தேன்.

“ரோசலி அக்காவா?” என்றது அந்தப் பக்கம்.

“இல்ல. நான் பிரான்சிஸ். அம்மா போயிட்டாங்க.”

அந்தப் பக்கம் அழுகை மட்டும் கேட்டது. “என்னாலதானே தம்பி, உங்கப்பாவை அவங்க கடைசியா...” என்று தொடங்கியவரை அவர் முடிக்கவிடவில்லை. “அப்படிச் சொல்லாதீங்கக்கா. நீங்க நல்லா இருக்கீங்கல்ல? அம்மாவுக்கு அது போதும்” என்றார்.

“எத்தனை மணிக்கு அடக்கம்?”

“நாலு மணிக்கு.”

“இங்கயும் அதே நேரம்தான் தம்பி. நாலு மணிக்கு எங்க தோட்டத்து லயத்துல, வரிசை வீடு எல்லாத்து வாசல்லயும் விளக்கு வெச்சிட்டு நிப்போம்.”

ரோசலி அக்கா, நீங்கள் வாங்கிய சத்தியத்தை நான் காப்பாற்றவில்லை. மன்னித்துவிடுங்கள். நான்கு மணிக்கு உங்கள் மகன், “அம்மா, போய்ட்டு வாம்மா” என்று சொல்லி முதல் பிடி மண்ணைப் போட்டார். கடலுக்கு அந்தப் பக்கம், நான் பார்த்தேயிராத மலையில், பட்டப்பகலில் வரிசையாக விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.