திரும்பி வந்த விளக்கு

சாவுச் செய்தி வந்தபோது நான் ஹவுன்ஸ்லோ அலுவலகத்தில் யப்பான் கடற்கரைச் சுற்றுலாவுக்கான துண்டுப்பிரசுரத்தைத் தட்டச்சில் அடித்துக்கொண்டிருந்தேன். தவராசா அண்ணையின் மனைவி தொலைபேசியில், "பிள்ளை, அவர் காலமை எழும்பேல்லை" என்றார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. திங்கட்கிழமை வாறன் என்று சொல்லிவிட்டுப் போன மனிதர்.

உங்களில் பலர் அவரைக் கோயில் வாசலில் கண்டு பழகியவர்கள். நான் பத்து வருடம் அவருடன் வேலை செய்தவள். இளமையில் கப்பலில் திரிந்து யப்பான் மொழி பழகியவர் என்பதால், எங்கள் நிறுவனம் பயணிகளை அவரோடுதான் அங்கே அனுப்பும். வசந்தத்தில் பூத்துக் குலுங்கும் குன்று, கடலுக்குள் நிற்கும் சிவப்புக் கோயில் வாசல், மாரிகால நண்டுச் சந்தை என்று அவர் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். ஆகஸ்ட் வந்தால் மட்டும் குரல் தாழும். "செத்த ஆக்கள் மூண்டு நாள் வீட்டுக்கு வருவினம். அவையை விளக்கோட கடலில அனுப்பினாப் பிறகு ஒருத்தரும் தண்ணியில கால் வைக்கக் கூடாது. பிடிச்சு இழுப்பினம். இதையும் போடு." முதலாளி வாசித்துவிட்டு, "இது விளம்பரமோ, மரண அறிவித்தலோ?" என்று கத்தினார். அண்ணை சிரிக்கவில்லை. "அங்கத்தைச் சனம் சொல்லுறதைத்தான் சொன்னனான்" என்றார்.

அவருடைய தம்பி குணம் எண்பத்தைந்தாம் ஆண்டு மன்னாரில் படகேறியவன். படகு அக்கரை சேரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. திவசம் செய்யுங்கோ என்று அக்கா, அதாவது அண்ணையின் மனைவி, மன்றாடுவார். "காணாத பிணத்துக்கு எள்ளுத்தண்ணி இறைக்கேலாது" என்று அண்ணை மறுத்துவிடுவார்.

ஒரு ஆகஸ்டில் பயணிகளோடு யப்பானுக்கு என்னையும் உதவிக்கு அழைத்துப்போனார். "இந்தமுறை அவனை அனுப்பிப்போட்டுத்தான் வருவன்" என்றார். மாலை மங்கும் நேரம், கரையில் ஒரு கிழவி காகித விளக்குகள் விற்றாள். விளக்கில் இறந்தவரின் பெயரை எழுதவேண்டும். குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் வருடக்கணக்காகப் படிவம் நிரப்பிய கையல்லவா? தகப்பன் பெயர், தன் பெயர், பிறந்த திகதி என்று மளமளவென எழுதிவிட்டார். தண்ணீரில் விட்ட பிறகுதான் நான் வாசித்தேன். தம்பியின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் அவருடைய பெயரே இருந்தது.

மற்ற விளக்குகள் எல்லாம் கடலுக்குப் போயின. அவருடையது திரும்பி வந்து அவர் காலடிக் கரையில் முட்டியது. தள்ளிவிட்டார். மறுபடி வந்தது. மூன்றாம் தடவையும் வந்தது. காற்று துளியும் இல்லை. கிழவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னொண்டு வாங்குவம் அண்ணை. தம்பியின்ரை பேரை எழுதுங்கோ" என்றேன்.

"உயிரோட இருக்கிறவன்ரை பேரை இந்தக் கடல் எடுக்குதில்லை, கண்டனிதானே? தம்பியின்ரை பேரை எழுதிவிட, அது போயிட்டுதெண்டால்?"

நாங்கள் விளக்கு வாங்கவில்லை. அதற்குப் பிறகு திவசம் என்ற பேச்சையே அவர் எடுக்கவிடவில்லை.

போன வாரம் வால்தம்ஸ்டோவில் அவருடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. குடும்பத்தில் முன்னர் இறந்தவர்களின் பெயர்களை ஐயர் கேட்டார். தாய், தகப்பன் பெயர்களைச் சொன்ன அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "குணத்தின்ரை பேரையும் சொல்லட்டோ? நீதானே அவரோட அங்க நிண்டனி." ஐயர் தர்ப்பையோடு காத்திருந்தார். குணம் படகேறிப் பதின்மூன்று வருடமாயிற்று. அவன் வருவான் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் வாய் முந்திக்கொண்டது.

"வேண்டாம் அக்கா."

அண்ணையை அறிந்தவர்களே, அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்: நான் ஒருநாளும் கண்டிராத ஒருவனைச் சாகவிடாமல் வைத்திருக்கிறேன்.