நெடுந்தீவாருக்கு ஒரு பகற்காட்சி

குறித்த ஒரு நாளைப் பற்றிய விண்ணப்பத்துக்கு அந்த நாள் கழிவதற்கு முன் பதில் அனுப்பப்பட வேண்டும். இது விதி. நான் உண்டாக்கியதல்ல; வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் தலைமை எழுத்தர் என் மேசைமேல் வைத்த தடித்த புத்தகத்தில் அச்சாகியிருந்தது. அதைக் கடைப்பிடித்தவர்களையும் நான் கண்டிருக்கிறேன். பெரும்பாலும் பதவி உயர்வு இல்லாமலே இளைப்பாறினார்கள்.

அந்த விதி என் வீட்டுக்கு ஒரேயொரு தடவை தேவைப்பட்டது. இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முந்திய காலம். நான் ஊர்காவற்றுறையில் துறைமுகக் கந்தோர் ஒன்றில் இளைய எழுத்தன். எனக்கு மூத்தவள் ஒரே அக்கா. அத்தான் நெடுந்தீவில் பிறந்து, நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்திலேயே வாத்தியாராக இருந்தவர். கலியாணத்தோடு அக்கா கடலுக்கு அந்தப் பக்கமானாள்.

உயிர்த்த ஞாயிறு கழிந்த கிழமை, சந்தைக்குப் பின்னால் கிடந்த வெறுங்காணியில் ஒரு பேசும்படக் கொட்டகை எழுந்தது. கொட்டகைக்காரர் கணக்குத் தெரிந்த மனிதர். தவக்காலத்தில் கத்தோலிக்கக் குடும்பங்கள் படம் பார்க்க வரமாட்டா. நயினாதீவில் திருவிழா தொடங்கினால் சைவக் குடும்பங்கள் அந்தப் பக்கம் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் விழுந்த இடைவெளியில் கூடாரத்தை விரித்து, படம் காட்டும் எஞ்சினை இறக்கி, வெள்ளைச் சீலையைக் கட்டினார். இரு சமயத்தாருக்கும் பொதுவான ஒரு புண்ணிய காலத்தை எங்கள் தீவுப் பகுதியில் வகுத்தவர் அவர் ஒருவரே.

பிற்பகலில் மாட்டுவண்டியொன்று மேளம் அடித்துக்கொண்டு புறப்படும். ஒரு நாள் சரவணைப் பக்கம், ஒரு நாள் மண்கும்பான், ஒரு நாள் மண்டைதீவு. வண்டியிலிருந்து ரோசா நிறத்திலும் பச்சை நிறத்திலும் நோட்டீசு பறக்கும். இன்றைக்கு என்ன படம், வெள்ளிக்கிழமை என்ன படம், படத்துக்கு முன் நெருப்பு விழுங்கும் வித்தை எந்த நாள், பெண்களுக்குத் தனி மறைப்பு உண்டென்ற உறுதிமொழி, அடியில் கொட்டை எழுத்தில் விரைவில் வரப்போகும் படங்களின் வரிசை. அந்த வரிசையில் இருந்தவற்றில் பாதி வரவேயில்லை. ஆனாலும் நான் அதைத்தான் முதலில் வாசித்தேன்.

வாசித்ததும் நோட்டீசையும் படத்தின் பாட்டுப் புத்தகத்தையும் தபால் வள்ளத்தில் அக்காவுக்கு அனுப்பிவைப்பேன். வள்ளம் காலையில் நெடுந்தீவிலிருந்து வந்து பிற்பகல் திரும்பும். படமோ விளக்கு வைத்த பிறகுதான். அத்தானின் தாயார் பாயோடு கிடந்தார். பகலில் பக்கத்து வீட்டுப் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள். இரவில் அக்காவே இருக்க வேண்டும். ஆகவே அக்காவுக்குச் சினிமா என்றால் கடதாசி. பாட்டுப் புத்தகத்தில் பாட்டின் சொற்கள் இருக்கும், மெட்டு இருக்காது. அக்கா மெட்டைத் தானே போட்டுக்கொள்வாள். கிணற்றடியில் அவள் பாட, மற்றப் பெண்கள் பிடித்துக்கொள்ள, நெடுந்தீவு முழுவதும் அந்தப் பாட்டுகள் உலகத்தில் வேறெங்கும் இல்லாத மெட்டுகளில் பரவின. முதல்தடவை கொட்டகையில் உட்கார்ந்து கதாநாயகி பாடக் கேட்டபோது, அவள் பிழையாகப் பாடுகிறாள் என்றே எனக்குப் பட்டது.

பாட்டுப் புத்தகங்களுக்கு இன்னொரு குணமும் உண்டு. கதைச் சுருக்கத்தை முக்கால்வாசி சொல்லி, நெருக்கடியான இடத்தில் நிறுத்திவிட்டு, மிச்சத்தை வந்து பார்க்கச் சொல்லும். அந்தமுறை வந்த ஒரு படத்தில், கப்பலேறிப் போன கணவனைத் தேடி ஒருத்தி ஆண்வேடத்தில் போகிறாள். செய்யாத களவுக்காக அரசன் முன் நிறுத்தப்படுகிறாள். அரசனுக்குப் பக்கத்து ஆசனத்தில் மந்திரியாக இருப்பவன் அவளுடைய கணவன்தான். புத்தகம் அங்கே நின்றது.

அடுத்த ஞாயிறு நான் நெடுந்தீவுக்குப் போனபோது அக்கா முற்றத்திலேயே மறித்தாள்.

“தம்பி, அவன் அவளை மட்டுக்கட்டினவனோ?” அந்த மந்திரி தன் மனைவியை அடையாளம் கண்டானா என்று கேட்டாள்.

“சொல்லட்டோ?” என்று சும்மா சீண்டினேன்.

“ஐயோ, சொல்லாதை! நீ முழுக்கப் பாத்திட்டியோ?”

“இல்லை. இடையிலை எஞ்சின் நிண்டிட்டுது.”

“அப்ப இனியும் பாக்காதை. பாத்தியெண்டால் உன்ரை முகம் சொல்லிப்போடும். நான் வந்து என்ரை கண்ணாலை பாக்கிறன். அதுவரைக்கும் நீயும் பொறு.”

நான் பொறுத்தேன். அதற்குப் பின் அந்தப் படம் ஓடிய நாட்களில் கடைசிச் சுருளை எஞ்சினில் மாட்டும்போது எழுந்து வெளியே வந்துவிடுவேன். வாசலில் ரிக்கற் கிழிப்பவன், கிளாக்கருக்கு வயிற்றுக்கோளாறு என்று நான்கு பேருக்குச் சொல்லி வைத்திருந்தான்.

பகலில் ஒரு காட்சி வைத்தால் நெடுந்தீவுப் பெண்கள் காலை வள்ளத்தில் வந்து பிற்பகல் வள்ளத்தில் திரும்பிவிடலாம். இதைக் கொட்டகைக்காரரிடம் சொன்னபோது அவர் யோசிக்கவேயில்லை.

“அதுக்கென்ன கிளாக்கர்! சுத்திவரச் சாக்குக் கட்டி இருட்டாக்கிறன். வாற சனிக்கிழமை கூட்டிக்கொண்டு வாரும்.”

ஆனால் பக்கத்தில் அத்தான் நின்றார். அன்று சம்பள விடயமாக ஊர்காவற்றுறைக்கு வந்திருந்தவர், கொட்டகை வாசலில் ஒட்டியிருந்த அனுமதிப் பத்திரத்தைக் கண்ணாடி போட்டு அடிவரை வாசித்து முடித்திருந்தார்.

“இதிலை விளக்கு வைச்ச பிறகு எண்டெல்லோ கிடக்கு. பகலிலை வைச்சால் அது என்ன?”

“அதுவும் படம்தான், வாத்தியார்.”

“அனுமதி இல்லாத படம். எங்கடை வீட்டுப் பொம்பிளையள் அப்பிடி ஒண்டுக்கு வரமாட்டினம். எழுத்திலை வரட்டும், நானே கூட்டிக்கொண்டு வாறன்.”

“கேட்டால்தான் வாத்தியார் அவை இல்லையெண்டு சொல்லுவினம். கேக்காட்டில் ஒண்டும் சொல்லமாட்டினம்.”

அந்த மனிதர் எட்டாம் வகுப்பும் தாண்டாதவர். நானும் அத்தானும் இங்கிலீசு படித்தவர்கள். எங்கள் ஆட்கள் கடவுளிடம் வாயால் கேட்பார்கள். அரசாங்கத்திடம் கடதாசியில்தான் கேட்பார்கள். அன்று மாலையே விண்ணப்பத்தை எழுதினேன். நல்ல விண்ணப்பம். பொருள், காரணம், மே மாதத்தின் எந்தச் சனிக்கிழமை என்பது, விண்ணப்பதாரரின் கையொப்பம் எல்லாம் இருந்தன. கொட்டகைக்காரர் கையெழுத்து வைத்தபோது, மருந்து குடிக்கும் பிள்ளையின் முகம் அவருக்கு.

முதலில், எந்தப் பிரிவின்கீழ் கேட்கப்படுகிறது என்று விசாரித்து ஒரு கடிதம் வந்தது. பிரிவைச் சொன்னோம். பெண்களுக்குத் தனி வாசல் உண்டா என்று கேட்டார்கள். உண்டென்றோம். பிறகு, கொட்டகை இருப்பது ஒரு பகுதியில், பார்க்க வருவோர் இருப்பது இன்னொரு பகுதியில், ஆகவே இரண்டு அதிகாரிகளின் அபிப்பிராயமும் தேவை என்றார்கள். விண்ணப்பம் கடலைத் தாண்டி நெடுந்தீவுக்குப் போய்த் திரும்பியது. அக்கா செய்ய முடியாத பயணத்தை அது இரண்டு முறை செய்தது.

நான் குறித்த சனிக்கிழமை வந்தது. போனது. அன்று காலை நெடுந்தீவுத் துறையில் ஏழெட்டுப் பெண்கள் நல்ல சேலை கட்டி நின்றதாகவும், கடதாசி வரவில்லை என்று அத்தான் சொன்னதும் திரும்பி நடந்ததாகவும் வள்ளக்காரர் சொன்னார். பதிலுக்குக் காத்திராமல் போட்டுவிடுங்கள் என்று கொட்டகைக்காரரிடம் கேட்டுப் பார்த்தேன்.

“இப்ப ஏலாது, கிளாக்கர். கேட்டாச்சு. கேட்டுப்போட்டு மீறினால் லைசன்சு போயிடும்.”

பின்பு, பகலில் கொட்டகைக்குள் போதிய இருட்டு உண்டா என்று நேரில் பார்த்து அறிக்கை அனுப்பும்படி உத்தரவாயிற்று. இருட்டைப் பரிசோதிக்க ஓர் உத்தியோகத்தர் வந்தார். பகலில் அவருக்கு வேறு அலுவல்கள் இருந்தபடியால் மாலைக் காட்சி நேரத்தில் வந்து, முன்வரிசையில் கதிரை போட்டு உட்கார்ந்து, படம் முழுவதையும் பார்த்து, இருட்டு மிகவும் திருப்தியாக இருப்பதாக எழுதினார். எங்களுக்குச் சாதகமாக வந்த ஒரே அறிக்கை அது.

அந்த நாட்களில் ஒருநாள் நெடுந்தீவுக்குப் போனேன். கிணற்றடியில் பெண்கள் அந்தப் படத்தின் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் பாட்டு நின்றது.

“கிளாக்கர் வாறார். பதில் வந்திட்டுது போலை,” என்றாள் ஒருத்தி.

“இன்னும் வரேல்லை. பரிசீலனையிலை இருக்கு.”

“எங்கடை மாடு சினைப்பட்டு இப்ப கண்டும் போடப்போகுது. உங்கடை துரையளுக்கு அதைவிடக் கனகாலம் வேணுமோ?”

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். பிறகு வீட்டுக்கு நடக்கும்போது, வழியில் நின்று, “அவன் மட்டுக்கட்டியிருப்பான் என்ன? அவ்வளவு கிட்ட இருந்துகொண்டு மட்டுக்கட்டாமல் விடுவானோ?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு, நான் வாய் திறக்குமுன் கையால் என் வாயைப் பொத்தினாள். எனக்கும் தெரியாது என்பதை மறந்துவிட்டாள்.

அப்போது அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. நான் பிற்காலத்தில் கொழும்பிலும் கண்டியிலும் விசிறி சுழலும் படமாளிகைகளில் மெத்தைக் கதிரையில் அமர்ந்து எத்தனையோ படம் பார்த்திருக்கிறேன். விளக்கு அணையும்போதெல்லாம் பக்கத்துக் கதிரையைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அங்கே யாராவது ஒருவர் கடலை கொறித்துக்கொண்டிருப்பார்.

சோளகம் அந்த ஆண்டு முந்திக்கொண்டது. தென்மேற்கிலிருந்து அடித்த காற்று கூடாரத்தை ஒரு பக்கமாகக் கிழித்தது, தைத்தார்கள், மறுபக்கம் கிழித்தது. கொட்டகைக்காரர் சாமான்களை வண்டியில் ஏற்றினார். நான் வழியனுப்பப் போனபோது அவருக்கு என்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும்.

“கிளாக்கர், எஞ்சின் இன்னும் ஏத்தேல்லை. கடைசிச் சுருளை உமக்கு மட்டும் ஓட்டிக் காட்டட்டோ? பாத்திட்டுப் போய் உம்மடை அக்காவுக்குச் சொல்லும்.”

“வேண்டாம், அண்ணை.”

“விசரோ உமக்கு?”

“பதில் வந்தால் திரும்பி வருவியளோ?”

“அடுத்த வரியம் பாப்பம்,” என்றார். அவர் கண் என்னைப் பார்க்கவில்லை.

அக்காவிடம் கொட்டகை போனதைச் சொன்னேன். “பதில் வந்தால் திரும்பிக் கொண்டுவரலாம்தானே,” என்றாள். ஊர்காவற்றுறையில் அந்தப் படத்தைப் பார்க்காதவர் இல்லை. எவரைக் கேட்டாலும் முடிவைச் சொல்லியிருப்பார்கள். அவள் யாரையும் கேட்கவிடவில்லை. ஆவணியில் அத்தானின் தாயார் காலமானார். இனி இரவும் தங்கலாம் என்றானபோது, தங்கிப் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. தபால் வள்ளம் வரும் நேரத்தில் அக்கா துறைக்கு நடப்பதை மட்டும் நிறுத்தவில்லை. வள்ளக்காரர் தூரத்திலிருந்தே கையை விரித்துக் காட்டுவார்.

பதில் வந்தபோது சோளகம் அடங்கிக் கடல் தகடுபோலக் கிடந்தது. காலைத் தபாலில் என் மேசைக்கு வந்தது. பிற்பகல் வள்ளத்தில் நானே கொண்டுபோனேன். அக்கா துறையில் நின்றாள், பக்கத்தில் அத்தான். அவர் உறையை வாங்கி, பிரித்து, அங்கேயே நின்று உரத்து வாசித்து, தமிழிலும் சொன்னார். விண்ணப்பம் அனுகூலமாக ஆராயப்பட்டதாகவும், விண்ணப்பத்தில் குறித்த சனிக்கிழமை பகற்காட்சி நடத்துவதில் ஆட்சேபணை இல்லையென்றும், மாலைக் காட்சியை அதன் காரணமாக நிறுத்தக்கூடாதென்றும் எழுதியிருந்தது.

“பாத்தீரோ?” என்றார் அத்தான். “முறையாய்க் கேட்டால் கிடைக்கும்.”

“எந்தச் சனிக்கிழமை?” என்று அக்கா கேட்டாள்.

அத்தான் கடதாசியை மறுபடி பார்த்தார். “மே மாதம்,” என்றார்.

அக்கா கடலின் பக்கம் திரும்பினாள். பிறகு, வள்ளத்தைக் கட்டிக்கொண்டிருந்தவரைக் கண்ணால் காட்டி, மெல்லச் சொன்னாள்.

“அவர் பாத்திருப்பார். கேட்டுக்கொண்டு வா, தம்பி.”

நான் போய்க் கேட்டேன். வள்ளக்காரர் காற்று எதிராக அடித்த நாட்களில் ஊர்காவற்றுறையிலேயே தங்கி, அந்தப் படத்தை மூன்று தரம் பார்த்தவர். “இதென்ன கேள்வி கிளாக்கர்?” என்றார். “மட்டுக்கட்டினவன். வேசத்தோடை நிக்கேக்கையே மட்டுக்கட்டினவன்.”

திரும்பி வந்து சொன்னேன்.

“உடனையோ?” என்றாள் அக்கா.

“உடனை.”

அவள் தலையை ஆட்டினாள். அத்தான் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று ஒக்டோபர் மாதம், பதினேழாந் திகதி.