மூலைக்கு மூலை நூல்

மட்டாஞ்சேரியில் என் மரப்பட்டறைக்கு, கம்ப்யூட்டரில் கொடுக்கும் அளவுக்குப் பலகை வெட்டும் சி.என்.சி. ரூட்டர் வந்தபோது, சனிக்கிழமைக்குள் பன்னிரண்டு கதவு கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன். மெஷினை நம்பித்தான் கொடுத்தேன்.

களமசேரியிலிருந்து வந்த இன்ஜினியர் அதை மாட்டி, முதல் பலகையை வெட்டினார். நான் மூலைக்கு மூலை குறுக்காக, இரண்டு பக்கமும் நூல் பிடித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் அரை விரல் அதிகம். பலகை கோணல்.

"சேட்டா, கம்ப்யூட்டர்ல அளவு கரெக்ட். கம்பெனிக்குக் கொண்டுபோய்த்தான் பாக்கணும். பத்து நாளாகும்."

பத்து நாளென்றால் ஆர்டர் போச்சு.

"கம்ப்யூட்டர் சரிதான் மோனே. கத்தியைச் சுமந்து ஓடுற குறுக்குச் சட்டம்தான் கோணலா நிக்குது."

"சேட்டன் எத்தனாங் கிளாஸ்?"

"அஞ்சு. அதுவும் முழுசா இல்லை."

அவர் சிரித்து முடிப்பதற்குள், தேக்கில் ஒரே அளவாக இரண்டு கட்டைகளை இழைத்துவிட்டேன். மெஷினின் கோடியில் பக்கத்துக்கு ஒன்றாக வைத்து, போல்ட்டைத் தளர்த்தி, குறுக்குச் சட்டத்தின் இரண்டு முனையும் கட்டையில் முட்டும்படி தள்ளிப் பிடித்தேன்.

"இப்ப போல்ட்டை முறுக்கு."

அடுத்த பலகையில் நூல் இரண்டு பக்கமும் ஒரே அளவு காட்டியது. நம்பாமல் அவரே நான்கு தடவை அளந்தார். பிறகு கட்டைகளைப் போட்டோ எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பினார்.

"சேட்டா, இதை நான் கொண்டுபோகட்டுமா? நாளைக்குக் கலூர்ல ஒரு மெஷின் மாட்டணும்."

கொடுத்தேன். படித்தவர் கேட்டால் இல்லை என்பேனா? எனக்கு வேண்டுமென்றால் கால் மணியில் வேறு இழைத்துக்கொள்வேன்.

பன்னிரண்டு கதவும் வெள்ளிக்கிழமையே பள்ளுருத்திக்கு வண்டியேறின.