முகம் வைக்காத குடங்கள்

எங்கள் ஏரியா டிவியில் வந்தால் அது நல்ல செய்தியாக இருக்காது. எண்ணெய் கசிந்தது என்பார்கள், புகை கிளம்பியது என்பார்கள், இல்லையென்றால் யாரோ யாரையோ வெட்டியிருப்பான். திருவொற்றியூர் என்று சொன்னதுமே சிலர் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். எனக்கு இதில் ரொம்ப நாளாக எரிச்சல் உண்டு. அதனால் எதிர் வீட்டு ரூத் செய்த விளம்பரத்தைப் பற்றி யாராவது கேட்டால் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிடுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரூத், இன்னாசியின் மூத்த மகள். இன்னாசிக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பலில் ஏற்றிய கன்டெய்னர்கள் நகராமல் இரும்புக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டுவார். மகள் அனிமேஷன் படித்துவிட்டு ஒரு பெரிய கம்பெனியில் சேர்ந்தாள். அங்கே அவளுக்குக் கிடைத்த வேலை, சினிமாவில் கதாநாயகன் பறக்கும்போது அவன் இடுப்பில் தெரியும் கயிற்றைக் கம்ப்யூட்டரில் அழிப்பது. "நான் கம்பி கட்றேன், எம் பொண்ணு கயிறு அழிக்கிறா" என்று இன்னாசி டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார். சிரிப்பாரே தவிர, அவள் என்னதான் செய்கிறாள் என்று அவருக்கு விளங்கியதில்லை. படம் பார்க்கப் போனால் மகள் செய்த வேலை எங்கே என்று தேடுவார். அழித்த கயிறு எப்படிக் கண்ணுக்குத் தெரியும்?

வருடக்கணக்கில் கயிறு அழித்துச் சலித்துப்போன ரூத், அதே கம்பெனியில் வேலை பார்த்த உஸ்மாவைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள். உஸ்மா வண்ணாரப்பேட்டை ஜவுளி வியாபாரி அத்தாவுல்லாவின் மகள். இருவரும் கல்மண்டபம் பகுதியில், வலைக்கயிறு விற்கும் கடைக்கு மேலே ஒரு அறையை வாடகைக்குப் பிடித்தார்கள். த்ரீடி மென்பொருளில் பொருளுக்கு உருவமும் நிறமும் வெளிச்சமும் கொடுப்பது உஸ்மா. அந்த உருவத்தை நடக்க, குதிக்க, கோபிக்க வைப்பது ரூத். ஒருத்தி செய்ததில் மற்றவள் குறை கண்டுபிடிக்காத நாளே கிடையாது. கீழே கடைக்காரர் சண்டை என்று நினைத்து இரண்டு முறை மாடியேறி வந்து பார்த்திருக்கிறார்.

அவர்களுக்கு வந்த முதல் டிவி விளம்பரம் ஒரு தேயிலைத்தூள் கம்பெனிக்கு. ரூத் சொன்ன கதை எங்கள் தெருக்கதைதான். தண்ணீர் லாரிக்காக நாங்கள் வரிசையில் நிற்பதில்லை, எங்கள் குடங்கள் நிற்கும். குடத்தை வைத்துவிட்டுப் போனால் அந்த இடம் உங்களுடையது. நீங்கள் போய்க் குளிக்கலாம், தூங்கலாம், பக்கத்து வீட்டில் வம்பு பேசலாம். விளம்பரத்திலும் அப்படித்தான். ஜனங்கள் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள். ஆள் இல்லாத நேரத்தில் குடங்கள் தங்களுக்குள் இடித்துக்கொள்கின்றன, முந்துகின்றன, கோபித்துக்கொள்கின்றன. அப்போது டீ வாசனை வருகிறது. வரிசை அப்படியே வளைந்து டீக்கடைப் பக்கம் திரும்பிவிடுகிறது.

உஸ்மா செய்த குடங்களைப் பார்த்தபோது எனக்கு வாயெல்லாம் பல். பானை வயிறு, ஒட்டகக் கழுத்து, ஒவ்வொன்றிலும் வெயிலில் வெளுத்துப்போன நிறம். நிஜக் குடத்தைப் பற்றி நம் ஆள் ஒருவன் வாய் நிறையப் புளுகினால் எப்படியிருக்குமோ அப்படியிருந்தன. ஆனால் எந்தக் குடத்துக்கும் முகம் கிடையாது. ரூத் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அங்கேதான் பிரச்சினை வந்தது. விளம்பர ஏஜென்சியிலிருந்து இந்த வேலையைப் பார்த்துக்கொண்டவர் பாஸ்கர். நல்ல மனிதர், ஆனால் தேயிலைக் கம்பெனிக்கும் இவர்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்.

"ரூத், கம்பெனில முகம் கேக்கிறாங்க. ரெண்டு கண்ணு, சிரிக்கிற மாதிரி ஒரு வாய். அவ்வளவுதான். முகம் இல்லன்னா எல்லாம் ஒரே மாதிரி இருக்கே, யாருக்கு எது எதுன்னு புரியும்?"

"கண்ணு வெச்சா அது பொம்மை சார். எங்க குடத்துக்குக் கண்ணு எதுக்கு? அது நிக்கிறதுலயே ஆளு யாருன்னு தெரியும்."

"உங்களுக்குத் தெரியும். ஜனங்களுக்கு? பிடிவாதம் பிடிச்சா வேலைய வேற ஸ்டூடியோவுக்குக் குடுத்துடுவாங்கம்மா. என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

முகம் வைப்பது பெரிய வேலை இல்லை, ஒரே வாரத்தில் முடித்துவிடலாம் என்று உஸ்மாவே சொன்னாள். ரூத்துக்கு மனசு ஒப்பவில்லை. இத்தனை வருடம் அடுத்தவர் படத்தில் அடுத்தவர் கயிற்றை அழித்தவளுக்கு, இது மட்டும்தான் சொந்தமாகப் பிறந்த யோசனை. அதிலும் அடுத்தவர் சொல்லும் கண்ணை ஒட்ட வேண்டுமா? மறுநாள் அவளே பாஸ்கருக்குப் போன் செய்தாள்.

"சார், தண்ணி லாரி வர்ற நேரத்துக்கு எங்க தெருவுக்கு ஒரு தடவ வாங்க. அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் செய்றேன்."

அவரும் வந்தார். பளபளவென்று ஷூ போட்டுக்கொண்டு வந்து சேற்றுக்குப் பக்கத்தில் நின்றார். லாரி இன்னும் வரவில்லை. ரூத் ஸ்கூட்டர் சீட்டின் மேல் லேப்டாப்பைத் திறந்து வைத்தாள். பக்கத்தில் உஸ்மா நின்றாள். ரூத் வேண்டுமென்றே நிறம் சேர்க்காத முன்னோட்டத்தைத்தான் கொண்டுவந்திருந்தாள். எல்லாக் குடமும் ஒரே சாம்பல் நிறம், ஒரே அளவு. கண் இல்லை, வாய் இல்லை, அடையாளத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. அசைவு மட்டும்தான்.

நாங்கள் கும்பலாகக் குனிந்து பார்த்தோம். வரிசையில் ஒரு குடம் வானத்தைப் பார்ப்பதுபோல் கழுத்தைத் தூக்கிக்கொண்டு, அடியை மட்டும் நைசாக நகர்த்தி முன்னால் போனது. யாராவது திரும்பினால் உடனே நின்றுவிடும்.

"ஐயோ, கோவிந்தம்மா!" என்று எங்கள் தெரு பவானி அலறினாள். தெருவே கொல்லென்று சிரித்தது.

கோவிந்தம்மா இடுப்பில் கை வைத்தாள். வரிசையில் முந்துவதில் எங்கள் தெருவில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது, அதைச் சொல்லும் தைரியமும் யாருக்கும் கிடையாது.

"இன்னாமே இது? நான் எப்போ இப்டி நவுந்துகினு போனேன்? ஊரு ஒலகத்துக்கெல்லாம் என்னிய திருடின்னு காட்டப்போறியா?"

ரூத் லேப்டாப்பை மூடக் கை நீட்டினாள். பாஸ்கர் மெதுவாக ஓரடி பின்னால் போய்ச் சேற்றில் கால் வைத்தார். எல்லாம் கெட்டது என்றே நான் நினைத்தேன்.

அதற்குள் அடுத்த குடம் ஒன்று பின்பக்கம் சாய்ந்து, குறட்டை விடுவதுபோல் வயிற்றை ஏற்றி இறக்க ஆரம்பித்தது. "ஜெரால்டு அண்ணே, தோ நீ!" என்றார்கள். அது நான் இல்லை. ஆனால் தெருவில் எல்லோரும் நான்தான் என்கிறார்கள். ஓயாமல் விலகி விலகி நிற்கும் குடம் சுத்தம் பார்க்கும் ஜீனத். எல்லாக் குடத்தின் காதிலும் குனிந்து ஏதோ சொல்லும் குடம் பவானியேதான். அவள் சிரிப்பு சட்டென்று நின்றுபோனது.

பவானியின் மூஞ்சியைப் பார்த்ததும் கோவிந்தம்மாவின் கோபம் இறங்கிவிட்டது. "மறுபடி போடுமே" என்றாள். இரண்டாம் முறை பார்த்தபோது அவளால் அடக்க முடியவில்லை. "கையும் இல்ல, காலும் இல்ல, இன்னா கமுக்கமா போவுது பாரு! சோக்கா கீது."

பாஸ்கர் இப்போது திரையைப் பார்க்கவில்லை, எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முன்னோட்டம் முடியும் இடம் வந்தது. டீ வாசனைக்கு வரிசை முழுக்கத் திரும்பிப் போகிறது. ஒரே ஒரு குடம் பாதி வழியில் நிற்கிறது. டீக்கடையைப் பார்க்கிறது, காலியான இடத்தைப் பார்க்கிறது. பிறகு திரும்பி வந்து, எல்லோருடைய இடத்தையும் காத்துக்கொண்டு தனியாக நிற்கிறது.

"இது யாரும்மா?" என்று பாஸ்கர் கேட்டார்.

"இதுகூடத் தெர்லியா?" என்றாள் கோவிந்தம்மா. "அல்லாரு கொடத்தையும் முன்னால தள்ளி வுட்டுட்டு, கடசீல அர கொடம் தண்ணியோட வூட்டுக்குப் போறவ ஒருத்திதான் கீறா. தோ நிக்கிறா பாரு." அவள் காட்டியது ரூத்தை.

ரூத் திகைத்துப்போனாள். "அது நான் பண்ணது இல்லியே" என்றாள். கடைசிக் காட்சியை மட்டும் உஸ்மா தானே அசைக்கிறேன் என்று கேட்டு வாங்கியிருந்தாள். ரூத் அதை எத்தனையோ முறை பார்த்து, கழுத்தை இன்னும் கொஞ்சம் சாய்க்கச் சொல்லித் திருத்தம்கூடச் சொல்லியிருக்கிறாள். தெருவில் ஒருவர் விடாமல் எல்லோருடைய நடையும் தெரிந்தவளுக்குத் தன் நடை தெரியவில்லை.

"பின்ன யாருன்னு நெனச்ச?" என்றாள் உஸ்மா. ரூத் லேப்டாப்பை மூடிவிட்டு அதன் மேல் கை வைத்தபடி அழுதாள். நானும் கொஞ்சம் அழுதேன். அதைத் தெருவில் யாரும் கவனிக்கவில்லை என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

பாஸ்கர் அங்கேயே நின்று கம்பெனிக்குப் போன் போட்டார். "முகம் வேணாம் சார். நான் நேர்ல பாத்துட்டேன். நீங்க என்னை நம்புங்க" என்றார். லாரி ஹாரன் அடித்தது. எல்லோரும் குடத்தைத் தூக்க ஓடினோம், அவர் ஷூவோடு நடுவில் மாட்டிக்கொண்டார்.

விளம்பரம் கிரிக்கெட் மேட்சுக்கு நடுவில் வந்தது. பாதித் தெரு இன்னாசி வீட்டில்தான் உட்கார்ந்திருந்தது. தன் குடம் வந்ததும் கோவிந்தம்மா, "நான் நடிச்சது எப்டி கீது?" என்று எல்லோரையும் கேட்டாள். நிறமும் வெளிச்சமும் சேர்ந்து எங்கள் தெரு அவ்வளவு அழகாக இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. விளம்பரத்தில் செய்தவர்கள் பெயரைப் போடுவதில்லை என்று ரூத் முன்பே சொல்லியிருந்தாள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

இன்னாசி மாமா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் நாங்கள் முன்னோட்டம் பார்த்த அன்று அவர் துறைமுகத்தில் இருந்தார். கடைசிக் குடத்தைப் பற்றி ரூத் அவரிடம் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. குடங்கள் டீக்கடைப் பக்கம் போயின. ஒன்று மட்டும் பாதி வழியில் நின்று திரும்பியது. மாமா நாற்காலியை விட்டு எழுந்து டிவி பக்கத்தில் போனார்.

"நைனா, மறைக்காத!" என்று யாரோ கத்தினார்கள். அவர் நகரவில்லை. கம்பி கட்டிக் காய்த்துப்போன விரலை அந்தக் குடத்தின் மேல் வைத்து, எங்கள் பக்கம் திரும்பினார்.

"தோ, இதாண்டா எம் பொண்ணு."