படாளத்துக்கு வந்த கடற்கரைப் பூ

1. நகத்தின் மேல் விழுந்த பழி

ஏப்ரல் மாதத்துக் காலை. செங்கல்பட்டுப் பக்கம் படாளத்தில் எங்கள் விதைப் பருத்திக் கொல்லையில் கம்பெனி மேனேஜர் குனிந்து தரையிலிருந்து ஒரு கை பிஞ்சை அள்ளினார். முந்தைய வாரம் கிராசிங் செய்த பிஞ்சுகள். நாங்கள் கட்டிய நூல் ஒவ்வொன்றிலும் அப்படியே இருந்தது.

"என்னங்க மேடம் இது? செட்டிங்கே இல்லீங்க, பிஞ்சே நிக்கலீங்களே. இந்தப் பொம்பளைங்க நகத்தால தண்டைக் கீறிப் போடறாங்க. முதல்ல நகத்தை வெட்டச் சொல்லுங்க. அடுத்த வாரம் வருவேன். இப்படியே இருந்தா டிராக்டர் விட்டு உழுதுட்டு, இந்த வேலையை வேற ஊருக்குக் கொண்டு போயிரலாமுங்க."

அவர் கோயம்புத்தூர்க்காரர், கெட்டவர் இல்லை. ஆனால் அன்று எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பிஞ்சுகளை அவர் சட்டைப் பையிலேயே போட்டு அனுப்பலாமா என்று இருந்தது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் பி.எஸ்சி. அக்ரி முடித்துவிட்டு, ஒரு விதை கம்பெனியில் ஃபீல்டு சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். வீரிய ஒட்டு விதை தானாக விளையாது. பெண் செடி என்று நாங்கள் சொல்லும் ரகத்தில் நாளைக்கு மலரப்போகும் மொக்கைச் சாயங்காலமே பிடித்து, இதழோடு மகரந்தப் பைகளையும் கட்டை விரல் நகத்தால் ஒரே சுற்றில் உரித்துவிட வேண்டும். உள்ளே சூல் தண்டு மட்டும் நிற்கும். அதைக் காகிதத்தால் மூடிவைத்து, மறுநாள் காலையில் ஆண் செடியின் பூவைப் பறித்து அதன் தூளைத் தடவி, அடையாளத்துக்கு நூல் கட்ட வேண்டும். இதுதான் கிராசிங். இப்படி ஒவ்வொரு காயும் ஒரு கை தொட்டு வந்ததுதான்.

இதற்காகவே படாளத்துப் பெண்கள் வலது கட்டை விரல் நகத்தை நீளமாக வளர்த்திருப்பார்கள். பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசு நீட்டும்போதே "கிராசிங் கையா?" என்று கண்டக்டர் கேட்பார். அந்த நகத்தை வெட்டச் சொல்வதும் தச்சனிடம் உளியை வாங்கி வைப்பதும் ஒன்றுதான்.

மேனேஜர் வண்டி போனதும் டீம் லீடர் கன்னியம்மா என் எதிரில் வந்து நின்றார்.

"இன்னா மேடம், எட்டு வருசமா இதே கையிதானே வேலை செஞ்சிகினு கீது? அப்பல்லாம் நிக்கல? இப்ப மட்டும் எங்க நகம் கோணிக்கிச்சா?"

நிலத்துக்காரர் ஏழுமலை வரப்பில் உட்கார்ந்துவிட்டார். சம்பா அறுத்த நிலத்தில் வழக்கமாக வேர்க்கடலை போடுகிறவர். நான் சொன்னதை நம்பி அந்த வருஷம் முழு நிலத்துக்கும் பருத்தி போட்டிருந்தார்.

"உழுதுட்டா நான் இன்னா பண்றது மேடம்? கடலைக்கும் பருவம் போயிடிச்சே" என்றார்.

2. கறுப்புக் குடை

நகத்தில் கோளாறு இல்லை என்று எனக்குத் தெரியும். உதிர்ந்த பிஞ்சுகளை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். தண்டில் ஒரு கீறல்கூட இல்லை. வேறு எங்கேயோ வில்லங்கம் இருந்தது.

மறுநாள் காலை ஆண் செடியின் பூ ஒன்றைப் பறித்து என் கறுப்புக் குடையின் மேல் தட்டினேன். நல்ல பூ என்றால் மஞ்சள் தூள் மாவு மாதிரி கொட்டும். ஒன்றும் விழவில்லை. இன்னொன்று, மற்றொன்று என்று வரிசையாகத் தட்டிப் பார்த்தேன். மகரந்தப் பைகள் வெடிக்காமல் காய்ந்த கடுகாக ஒட்டிக்கொண்டிருந்தன. தூளே இல்லாத பூவைத் தடவினால் பிஞ்சு எப்படி நிற்கும்?

ஆண் செடி பழைய ரகம்தான், விதையும் அதே விதைதான். மாறியது வெயில். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சித்திரை கடைசியில்தான் அனல் ஏறும். அதற்குள் கிராசிங் முக்கால்வாசி முடிந்திருக்கும். இரண்டாயிரத்துக்குப் பிறகு கத்திரி வெயில் கத்திரிக்கு முன்பே வந்து உட்கார்ந்துகொண்டது. அதைவிட மோசம் ராத்திரிப் புழுக்கம். பகலில் வாடிய செடி ராத்திரியிலாவது தேறும். அதுவும் இல்லாமல் போனது. பூ மலர்வதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே, மொக்கு மிளகளவு இருக்கும்போதே, உள்ளே தூள் உருவாகத் தொடங்கிவிடும். அந்தச் சமயத்தில் சூடு தாக்கினால் பூ வெளியே அழகாக மலரும், உள்ளே மலடாக இருக்கும்.

காரணம் தெரிந்துவிட்டது. வெயிலுக்கு நான் என்ன செய்ய முடியும்?

இரண்டு நாள் கழித்து மாமல்லபுரம் போனேன். அதற்குத் தெற்கே, கடற்கரைச் சாலையை ஒட்டி, எங்கள் ஆண் ரகத்தின் விதைப் பெருக்கத்துக்காக, பிளாட் என்று நாங்கள் சொல்லும் ஒரு சின்ன வயல் இருந்தது. சுற்றிலும் சவுக்கும் மணலும்தான். வேறு பருத்தியே கிடையாது என்பதால் விதை கலப்பாகாது. அதற்காகத்தான் அந்த இடம். வழக்கமான ஆய்வுக்குப் போனவள் கை சும்மா இருக்காமல் ஒரு பூவைப் பறித்துக் குடைமேல் தட்டினேன்.

குடை மஞ்சளானது.

நடுப்பகலுக்கு முன்பே கடல்காற்று அங்கே வந்துவிடும். படாளத்துக்கு அது வந்து சேரும்போது பொழுது சாய்ந்திருக்கும், சில நாள் வராமலே போகும். செடி ஒன்று, மாதம் ஒன்று, காற்றுதான் வேறு. நான் அந்த மணலிலேயே உட்கார்ந்து சிரித்தேன். பிளாட்காரர் எனக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

3. மீன் பெட்டி

பெண் செடிகளைக் கடற்கரைக்குக் கொண்டு போக முடியாது. பூவைப் படாளத்துக்குக் கொண்டு வரலாம். தினமும் விடியலில் மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு மார்க்கெட்டுக்கு டிவிஎஸ் வண்டியில் மீன் எடுத்துப் போகும் செல்வத்திடம் கேட்டேன்.

"பூவா? மீனோட பூவா? சரி குடு மேடம், பொட்டில ஐஸ் மேல வெச்சிக்கிறேன். நாள் பூரா வாடாது" என்றார்.

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. செங்கல்பட்டில் வாங்கிப் படாளத்தில் பெட்டியைத் திறந்தபோது கன்னியம்மா மூக்கைப் பொத்தினார்.

"மேடம், இது கிராசிங்கா, கருவாட்டுக் கொழம்பா?"

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐஸ் உருகிப் பூவெல்லாம் நனைந்திருந்தது. பருத்தித் தூளில் தண்ணீர் பட்டால் அது ஊறி வெடித்துவிடும். ஒரு பூவும் தேறவில்லை. மேனேஜர் சொன்ன வாரத்தில் பாதி அப்படியே போனது.

மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் மல்லிகை விற்கிறவர்கள் கூடையை ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதையே கொஞ்சம் மாற்றினோம். விடியலில் மலராத மொக்காகப் பறித்து, மூங்கில் கூடைக்குள் காய்ந்த துணி விரித்து அடுக்கி, வெளியே மட்டும் ஈரச் சாக்கு. ஐஸ் பக்கமே கூடை போகக்கூடாது. செல்வம் அதை வண்டியின் முன்னால் மாட்டிக்கொண்டார். படாளத்தில் கூடையைத் திறந்து வெளிச்சத்தில் வைத்ததும் மொக்குகள் மலர்ந்தன. குடையில் தட்டினேன். தூள் கொட்டியது.

"இரண்டு வரிசை. இந்த வரிசைக்கு இங்கத்துப் பூ, அந்த வரிசைக்குக் கடற்கரைப் பூ. இரண்டையும் நீங்களே தடவணும் கன்னியம்மா" என்றேன்.

"ஏன், நான் மட்டும்?"

"கை ஒண்ணா இருந்தாத்தான் கையில தப்பில்லைன்னு காட்ட முடியும்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு வரிசைக்குள் இறங்கினார்.

4. இரண்டு வரிசை

மேனேஜர் சொன்னபடி அடுத்த வாரக் கடைசியில் வந்தார். இங்கத்துப் பூ தடவிய வரிசையில் நூல் கட்டிய பிஞ்சுகள் பழுத்துக் கீழே கிடந்தன. பக்கத்து வரிசையில் கடற்கரைப் பூ தடவியவை பச்சையாக நின்றன. தொட்டாலும் உதிரவில்லை. குடையைப் பிடித்து இரண்டு பூவையும் அவர் எதிரிலேயே தட்டிக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"சரிங்க மேடம். டிராக்டர் வேண்டாமுங்க. பூ கொண்டு வாங்க" என்று ஜீப் பக்கம் திரும்பினார்.

கன்னியம்மா வழியை மறித்தார்.

"இருங்க சார். அன்னிக்கி எல்லாரு எதிர்க்கவும் எங்க கைய சொன்னீங்க. இப்ப மேடம் காதுல மட்டும் சொல்லிட்டுப் போனா இன்னா அர்த்தம்?"

கொல்லை முழுக்கப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள். மேனேஜருக்கு முகம் சிவந்தது. பிறகு, அவரை இன்றும் நான் மதிப்பது இதற்காகத்தான், தொப்பியைக் கழற்றிவிட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"உங்க கையில தப்பில்லைங்கம்மா. வெயிலு பண்ணின வேலைய உங்க மேல போட்டுட்டேன்."

ஏழுமலை துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அந்தப் பருவம் முழுக்கக் கூடை வந்தது. மீதிப் பருவத்தில் பிஞ்சு நின்றது. ஏழுமலை நஷ்டமில்லாமல் கரையேறினார். அடுத்தடுத்த வருஷங்களில் விதைக்கும் நாளை முன்னுக்குத் தள்ளினோம், சூடு தாங்கும் ஆண் ரகம் தேடினோம். சில வருஷங்களில் கடற்கரையிலும் காற்று பிந்தி வர ஆரம்பித்தது. கூடையை நம்பியே காலம் தள்ள முடியாது என்று அப்போதே புரிந்தது.

இப்போது ஃபீல்டுக்குப் போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பயிர் தவறினால் ஆளைத் திட்டுவதற்கு முன் பூவைப் பிரித்துப் பாருங்கள். வெயில் வருஷத்துக்கு வருஷம் கூடுகிறது. அதோடு கொல்லையில் பழி சுமக்கிறவர்களும் கூடுவார்கள். அந்த வெயிலை என்னால் ஒரு நாள்கூடத் தணிக்க முடியவில்லை. ஆனால் அதன் குற்றம் படாளத்துப் பெண்கள் தலையில் விழாமல் தடுத்தேன். முப்பது வருஷ உத்தியோகத்தில் நான் மார்தட்டிக்கொள்ளும் வேலை அதுதான்.